விசிறியின் இரைச்சலும் தீர்வுகளின் தரமும்

அசெம்பிள் செய்த கணினியின் இரைச்சல் ஏறி ஏறி இறங்குகிறது என்று சொல்லிப் பாருங்கள். கேட்பவர் ஒவ்வொருவரிடமும் ஒரு தீர்வு தயாராக இருக்கும். பேஸ்ட்டை மாற்றச் சொல்வார் ஒருவர். கூலரையே மாற்றச் சொல்வார் இன்னொருவர். பயாஸில் போய், வெப்பத்துக்கேற்ப விசிறியின் வேகத்தை வகுக்கும் வரைகோட்டைத் தாழ்த்துங்கள், ஒரு நிரலை நிறுவுங்கள், பூஸ்டை அணைத்துவிடுங்கள் என்று அறிவுரை நீளும். இவற்றில் எதுவும் பொய்யில்லை. ஒவ்வொன்றும் யாருக்கோ எங்கோ பலித்திருக்கிறது. ஆனால் காரணம் தெரிந்து பலித்த தீர்வும் காரணம் தெரியாமல் பலித்த தீர்வும் ஒன்றல்ல. அடுத்த கோடை வந்ததும் அந்த வேறுபாடு வெளிப்பட்டுவிடும்.

இத்தீர்வுகளை எடைபோட நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் கொஞ்சம் கடுமையானது. இரைச்சல் ஏன் எழுகிறது என்று மட்டும் சொன்னால் போதாது. ஏன் அந்த நொடியில் எழுந்து ஏன் இந்த நொடியில் அடங்குகிறது என்பதையும் ஒரு தீர்வு விளக்க வேண்டும். அதற்காக நாம் கொடுப்பது பணமானாலும் கணினியின் வேகமானாலும், கிடைக்கும் அமைதிக்கு அது தகுமா என்று பார்க்க வேண்டும். அறையின் வெப்பம் மாறும்போதும் தீர்வு நிலைக்க வேண்டும்.

முதலில் குறையின் இயல்பு. சீரான ஓசைக்குக் காது பழகிவிடும். சீலிங் ஃபேன் சுழலும் அறையில் இரவெல்லாம் தூங்குகிறோம். அதைவிடச் சன்னமான ஓசை பத்து வினாடிக்கு ஒருமுறை எழுந்து அடங்கினால் விழித்துக்கொள்கிறோம். சந்தையிலோ விசிறிகள் டெசிபல் என்ற ஒற்றை எண்ணால் விற்கப்படுகின்றன. அதுவும் பெரும்பாலும் முழு வேகத்தில், மாறாமல் சுற்றும்போது எடுத்த எண். எண் சரியாகவே இருக்கலாம். ஆனால் நம் குறையைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. இத்தனைக்கும் ஒலியியலில் ஏற்ற இறக்கத்தை அளக்கத் தனி அலகே உண்டு. ஸ்விக்கர், ஃபாஸ்டில் ஆகியோரின் உளஒலியியல் நூல் விரித்துரைக்கும் 'வேசில்' அது. 60 டெசிபல் அளவில் ஒலிக்கும் 1000 ஹெர்ட்ஸ் ஓசை வினாடிக்கு 4 முறை முழுமையாக எழுந்து தணிந்தால் அதன் ஏற்ற இறக்கம் 1 வேசில். வினாடிக்கு ஏறத்தாழ 4 முறை மாறும் ஒலியில்தான் காது ஏற்ற இறக்கத்தை மிக வலுவாக உணர்கிறது. இந்த 4 என்ற எண் பின்னால் வேறொரு காரணத்துக்காக மீண்டும் தேவைப்படும்.

வேகத்துக்கும் இரைச்சலுக்கும் உள்ள உறவும் செங்குத்தானது. விசிறி விதிகளின்படி வேகம் இரட்டித்தால் ஒலி ஏறத்தாழ 15 டெசிபல் கூடும். 1200 ஆர்பிஎம்மில் சுற்றிக்கொண்டிருந்த விசிறி 2000-ஐத் தொட்டால் ஏற்றம் சுமார் 11 டெசிபல். 10 டெசிபல் ஏறினாலே ஒலி இரட்டித்ததுபோலக் காதுக்குத் தோன்றும்.

இக்குறை முளைக்கும் இடத்தைக் காட்ட ஏஎம்டியின் ரைசன் 5 3600 போன்ற தெளிவான மாதிரி வேறில்லை. 2019 ஜூலையில் வந்தது. 6 கோர், பெயரளவில் 65 வாட், அடிப்படை வேகம் 3.6, பூஸ்ட் 4.2 கிகாஹெர்ட்ஸ். பெட்டிக்குள் கூடவே வந்த ரெய்த் ஸ்டெல்த் கூலரில் ஹீட்பைப்பும் இல்லை, செம்பும் இல்லை, வெறும் அலுமினியம். கோர்கள் அனைத்தும் 74 சதுர மில்லிமீட்டரே உள்ள ஒரு 7 நானோமீட்டர் சில்லில் அடங்கிவிட்டன. முதல் தலைமுறை ரைசனின் சில் 213 சதுர மில்லிமீட்டர். சில் சுருங்கச் சுருங்க அதன் ஒவ்வொரு மில்லிமீட்டரிலும் குவியும் வெப்பம் கூடுகிறது.

கணினி சும்மா இருக்கிறது. பிரௌசரில் ஒரு பக்கத்தைத் திறக்கிறோம். ஒரு கோர் உச்ச வேகத்துக்குத் தாவுகிறது. அதன் மின்னழுத்தமும் உடன் ஏறுகிறது. 45 டிகிரி காட்டிய சென்சார் 60-ஐக் காட்டுகிறது. இதற்கு ஒரு வினாடிகூட ஆகவில்லை. போர்டின் வரைகோடு 60 டிகிரிக்குப் பாதிக்கு மேல் வேகம் கேட்கிறது. விசிறி சீறி எழுகிறது. அது உச்சிக்குப் போய்ச் சேரும் முன்பே பக்கம் திறந்து முடிந்து, கோர் மீண்டும் உறங்கி, வெப்பம் 47-க்கு வந்துவிட்டது. விசிறி இறங்கத் தொடங்குகிறது. அதற்குள் அடுத்த பக்கம்.

சில்லிலிருந்து ஹீட்சிங்க்கின் தகடு வரை வெப்பம் போகும் வழியில் ஒவ்வொரு படிக்கும் அதற்கேயான வேகம் உண்டு. சில் சூடேற மில்லிவினாடிகள் போதும். அதன் மேல் கவிந்த உலோக மூடிக்கு வினாடிகள் தேவை. ஹீட்சிங்க்கின் பெருத்த உலோகம் நிமிடக் கணக்கில்தான் நகரும். விசிறியின் கை எட்டுவது இந்தக் கடைசிப் படி வரைக்கும்தான். ஒரு வினாடியில் எழுந்த அந்த 15 டிகிரி சில்லுக்கும் மூடிக்கும் நடுவே எழுந்தது. அந்த நொடியில் ஹீட்சிங்க்கைத் தொட்டுப் பார்த்தால் எந்த மாற்றமும் தெரியாது. விசிறி மும்மடங்கு வேகத்தில் சுழன்றிருந்தாலும் அந்த 15 டிகிரி எழத்தான் எழுந்திருக்கும். அப்படியென்றால் நாம் கேட்கும் இரைச்சல் குளிர்விப்பதற்காகக் கொடுக்கும் விலையே இல்லை. குளிர்வு எதுவும் நடக்காமல் எழுந்த இரைச்சல் அது. விசிறி தனக்கு வந்த கட்டளையைப் பிசகாமல் நிறைவேற்றுகிறது; பிழை கட்டளையில் இருக்கிறது. மில்லிவினாடியில் துள்ளும் ஓர் அளவைப் பார்த்து, நிமிடங்களில் நகரும் ஓர் உலோகத்தை ஆளச் சொல்லியிருக்கிறார்கள்.

ஏஎம்டியின் சில் வடிவமைப்பை இதற்காகப் பழிப்பது நியாயமில்லை. வேலையை விரைந்து முடித்து விரைந்து உறங்குவது மின்சாரத்துக்கும் நல்லது, பயனருக்கும் நல்லது. இன்டெல் 2008-இல் டர்போ பூஸ்டைக் கொண்டுவந்தபோதே இத்திசை தீர்மானமாகிவிட்டது. சில்லைப் பற்றிச் சொல்ல வேண்டிய குறை வேறு: அது தரும் எண்ணை நேரடியான வெப்பமானி அளவாக எடுத்துக்கொள்ள முடியாது. முதல் தலைமுறை ரைசனின் 1700எக்ஸ், 1800எக்ஸ் ஆகியவை விசிறிக் கட்டுப்பாட்டுக்குச் சொல்லும் வெப்பத்தில் 20 டிகிரியைக் கூட்டியே சொல்லின. 2700எக்ஸ் 10 டிகிரியைக் கூட்டியது. 3600 அடங்கிய 3000 வரிசை வந்தபோதோ, கண்காணிக்கும் நிரல்கள் அடிக்கடி சென்சாரைப் படிப்பதே உறங்கும் கோர்களை எழுப்பி வெப்பத்தை ஏற்றியது. அதே 2019 ஜூலை இறுதியில் மின்திட்டத்தைத் திருத்தி ஏஎம்டி புதிய டிரைவரை வெளியிட வேண்டிவந்தது. எனவே நாலு கண்காணிப்பு நிரல்களை ஒருசேரத் திறந்துவைத்துக்கொண்டு 'சும்மா இருக்கும்போதே 55 டிகிரி' என்று முடிவுகட்டுவது சோதனை முறையிலேயே உள்ள பிழை.

முறை என்றால் இங்கே முதல் சோதனை ஒன்றுதான். அதைச் செய்யாமல் எந்தத் தீர்வையும் தொடுவது வீண். பயாஸில் எல்லா விசிறிகளையும் ஒரு நடுத்தர வேகத்தில் கட்டிவைத்துவிட்டு, வழக்கமான வேலையைச் செய்யுங்கள். கனமான வேலையை மட்டும் அப்போதைக்கு ஒத்திவையுங்கள். ஏற்ற இறக்கம் நின்றுவிட்டால் குறை கட்டுப்பாட்டில் இருக்கிறது. நிற்காவிட்டால் பயாஸ் வரைகோட்டை எவ்வளவு வளைத்தாலும் பயனில்லை. காரணம் விசிறியின் உடலிலோ அண்டை வீட்டிலோ இருக்கிறது. இந்தச் சோதனைக்குப் பைசா செலவில்லை. அறிவுரைகளில் இது மிக அரிதாகத்தான் கண்ணில் படுகிறது.

கட்டுப்பாட்டுக் குறை என்று தெரிந்த பிறகும் ஒரு பிரிவினை பாக்கி இருக்கிறது. அதைத்தான் நான் இந்தத் துறையின் பெரிய கவனக்குறைவாகக் கருதுகிறேன். ஒரே புகாருக்குப் பின்னால் இரண்டு நோய்கள் இருக்கலாம். ஒன்று மேலே கண்டது: வேலையின் பாய்ச்சலை விசிறி துரத்துவது. அது ஒழுங்கற்றது, மவுஸைத் தொட்டால் வரும், கையை எடுத்தால் போகும். மற்றது கனமான, மாறாத வேலையின்போது வருவது. வீடியோ மாற்றமோ விளையாட்டோ ஓடிக்கொண்டிருக்கிறது, வெப்பம் 70-ஐத் தாண்டியதும் செங்குத்தான வரைகோடு விசிறியை முடுக்குகிறது, ஹீட்சிங்க் குளிர்ந்து 67-க்கு வருகிறது, விசிறி தளர்கிறது, மீண்டும் 71. இது வேலையைத் துரத்துவதில்லை, தன் வாலையே துரத்துகிறது. கடிகாரம் வைத்துப் பார்த்தால் அதற்கொரு சீரான கால அளவு தெரியும்.

இரண்டுக்கும் மருந்து வேறுவேறு. ஒன்றின் மருந்து மற்றதற்குக் கேடாகவும் ஆகலாம். முதல் நோய்க்கு மருந்து தாமதம்: வெப்பம் ஏறிய உடனே ஏறாமல், சில வினாடிகள் பொறுத்து, ஏற்றம் நிலைத்தால் மட்டும் விசிறி ஏற வேண்டும். இரண்டாம் நோயில் நீண்ட தாமதத்தைச் சேர்த்தால் ஊசலாட்டம் பெரிதாகும். பின்னூட்ட வளையத்தில் தாமதம் கூடினால் நிலைப்பு குறையும் என்பது கட்டுப்பாட்டியலின் அரிச்சுவடி. அதற்குத் தேவை சரிவைக் குறைத்த வரைகோடு. 'ஸ்டெப் அப் டைமை அதிகமாக்குங்கள்' என்ற அறிவுரை ஒருவருக்கு அமுதமாகவும் இன்னொருவருக்குப் பயனற்றதாகவும் இருப்பதன் காரணம் இதுவே.

இந்தத் தாமதம் என்ற கருவியையே இன்னும் நெருங்கிப் பார்க்கலாம். பெரும்பாலான போர்டுகள் ஏறும் நேரம், இறங்கும் நேரம் என்று இரண்டைத் தருகின்றன. சிலர் இறங்கும் நேரத்தை மட்டும் நீட்டித் திருப்தி அடைகிறார்கள். அதில் ஒரு நன்மை உண்டு: ஊசலாட்டத்தின் எண்ணிக்கை குறையும். ஆனால் சீறி எழும் அந்த முதல் ஓசை அப்படியே இருக்கும். எழுந்த இரைச்சல் நீண்ட நேரம் நிற்கவும் செய்யும். ஏறும் நேரமே இங்கே முதன்மையானது. 3 முதல் 5 வினாடி வைத்தால் பிரௌசர் பாய்ச்சல்கள் பெரும்பாலும் வடிகட்டப்பட்டுவிடும். அந்தச் சில வினாடிகளில் சில் வெந்துவிடுமோ என்ற அச்சத்துக்கு அடிப்படையில்லை. 3600 தன் எல்லையான 95 டிகிரியை நெருங்கினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; ஹீட்சிங்க்கின் உலோகமோ அதுவரை வெப்பத்தை விழுங்கிக்கொண்டிருக்கும். வேறு சில போர்டுகளில் நேரத் தாமதம் கிடையாது; வெப்ப இடைவெளி மட்டும் உண்டு, அதாவது இத்தனை டிகிரி மாறினால்தான் வேகம் மாறும் என்ற விதி. ஓரிரு டிகிரி நடுக்கத்துக்கு அது போதும். 15 டிகிரிப் பாய்ச்சலுக்கு முன்னால் 3 டிகிரி இடைவெளி நிற்காது. அப்படிப்பட்ட போர்டில் வரைகோட்டின் தொடக்கத்தைத் தட்டையாக வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அந்தத் தட்டையான பகுதி எதுவரை நீள வேண்டும் என்பதில் நம் ஊர் தனிக் கணக்குக் கேட்கிறது. சில்லின் வெப்பம் என்பது அறையின் வெப்பத்தோடு கூட்டிய எண். ஏசி அறையில், 22 டிகிரியில் வகுத்த வழிகாட்டியை எடுத்துக்கொள்வோம். அங்கே சும்மா இருக்கும் சில் 38, பாய்ச்சலில் 53, வரைகோடு 60-இல் ஏறத் தொடங்கினால் விசிறி அசையாது. அதே கணினியை மே மாதத்துச் சென்னையில், ஏசி இல்லாத 34 டிகிரி அறையில் வையுங்கள். எல்லா எண்ணும் 12 டிகிரி மேலே நகரும்: சும்மா இருக்கையில் 50, பாய்ச்சலில் 65. இப்போது ஒவ்வொரு பாய்ச்சலும், வரைகோடு ஏறத் தொடங்கும் 60 என்ற மூலையைக் கடந்து கடந்து மீளும். கணினி கெட்டுப்போகவில்லை, பேஸ்ட் உலரவில்லை. மூலைப் புள்ளி தவறான இடத்தில் இருக்கிறது. மார்ச் வரை அமைதியாக இருந்து ஏப்ரலில் அலறத் தொடங்கும் கணினிகளில் பலவற்றுக்கு இந்தக் கூட்டல்தான் விளக்கம். நம் அறைகளுக்கு மூலைப் புள்ளியை 68 அல்லது 70-இல் வைத்து, அங்கிருந்து 85 வரை மெல்லச் சரிவாக ஏற்றி, 90-இல் முழு வேகம் கொடுப்பது சரியாக வரும். 70 வரை தட்டையாக விட்டு அங்கேயே சுவர்போல் எழுப்பும் வரைகோடுகளைப் பார்க்கிறேன். அவை முதல் நோயைத் தீர்த்த கையோடு இரண்டாவதை வரவழைக்கின்றன.

பயாஸுக்கு மாற்றாக நிரல்களை முன்வைப்போர் உண்டு. அவர்கள் பக்கத்து நியாயம் கனமானது. ஃபேன்கண்ட்ரோல் போன்ற நிரலில் வெப்பத்தைச் சராசரி எடுக்கலாம். சிபியு, கிராஃபிக்ஸ் கார்டு இரண்டில் எது சூடோ அதைப் பின்பற்றச் சொல்லலாம். பழைய ஸ்பீட்ஃபேன் இன்றைய போர்டுகளை அடையாளம் காணத் திணறும் இடத்தில் இது நின்று வேலை செய்கிறது. கேபினெட் விசிறிகளைக் கிராஃபிக்ஸ் கார்டின் வெப்பத்தோடு இணைக்கப் பெரும்பாலான பயாஸ்களில் வழியே இல்லை. மதர்போர்டு சென்சாரோடு இணைத்தால் அமைதி கிடைக்கும், ஆனால் 200 வாட் கார்டு கொதிக்கத் தொடங்கியது அந்தச் சென்சாருக்குத் தாமதமாகத்தான் தெரியும். நிரலின் தகுதி இங்கே ஐயத்துக்கு இடமற்றது.

எதிர்த்தட்டில் வைக்க வேண்டியதும் உண்டு. விண்டோஸில் இவ்வகை நிரல்கள் வன்பொருளைத் தொட ஆழமான அனுமதியுள்ள டிரைவர் தேவை. நெடுங்காலம் பலவும் நம்பியிருந்த வின்ரிங்0 என்ற டிரைவரில் 2020-லேயே ஒரு பாதுகாப்புப் பலவீனம் பதிவாகியிருந்தது. 2025 மார்ச்சில் விண்டோஸ் டிஃபெண்டர் அதை ஆபத்தானதாகக் குறித்துத் தடுக்கத் தொடங்கியதும், பல வீடுகளில் விசிறிக் கட்டுப்பாடு ஒரே நாளில் குலைந்தது. நிரல் நின்றுபோனால் விசிறி கடைசியாகச் சொன்ன வேகத்திலேயே தங்கிவிடவும் கூடும். லினக்ஸில் எல்எம்-சென்சார்ஸ் தொகுப்பின் ஃபேன்கண்ட்ரோலுக்கு வேறு குணம், வேறு குற்றம். பத்து வினாடிக்கு ஒருமுறை வெப்பத்தைப் படிப்பது அதன் வழக்கம். பெரும்பாலான பாய்ச்சல்கள் அந்த இடைவெளிக்குள் காணாமல் போகும். ஆனால் படிக்கும் நொடி ஒரு பாய்ச்சலின் உச்சியில் விழுந்துவிட்டால் விசிறி அடுத்த பத்து வினாடியும் உச்சத்திலேயே சுழலும். முந்தைய சில அளவீடுகளின் சராசரியை எடுக்கும் 'ஆவரேஜ்' அமைப்பைப் பயன்படுத்தினால்தான் அது நம்பகமாகிறது. ஆகவே சிபியு விசிறியைப் பயாஸிடமே விட்டுவிட்டு, கேபினெட் விசிறிகளுக்கு மட்டும், தேவை உள்ளவர்கள் மட்டும், நிரலை நாடுவதே சரியான பங்கீடு.

பூஸ்டை அணைக்கும் தீர்வு விண்டோஸின் மின்திட்டத்தில் உச்ச நிலையை 99 சதவீதமாக்குவதன் மூலம் நிகழ்கிறது. உடனடியாகப் பலிக்கும். 4.2-க்குத் தாவும் கோர் 3.6-இல் நின்றுவிடும், பாய்ச்சல் போய்விடும். காசு கொடுத்து வாங்கிய விரைவையும் அது கொண்டுபோய்விடும். நோயைக் கண்டறியும் சோதனையாக ஒரு மணி நேரம் செய்து பார்க்கத் தகுந்தது. நிலையான தீர்வாக ஏற்கத் தகாதது. ஈகோ மோடை இதோடு சேர்த்துப் பேசுவது தவறு. அது செயலியின் மொத்த மின்சாரத்துக்கு வரம்பு கட்டுகிறது; ஒற்றைக் கோரின் பாய்ச்சல் அந்த வரம்புக்கு வெகு கீழேயே நடந்து முடிகிறது. நீண்ட கனவேலையில் ஈகோ மோடு அருமையான கருவி. சும்மா இருக்கும்போது எழும் சீறலுக்கு அது பதிலில்லை.

கூலரை மாற்றும் யோசனைக்கு வருவோம். செலவு மிகுந்தது இதுதான். முதலில் பரிந்துரைக்கப்படுவதும் இதுதான். ஆறு ஹீட்பைப்பும் 120 மில்லிமீட்டர் விசிறியும் கொண்ட கூலர் அந்த 15 டிகிரிப் பாய்ச்சலைப் பெரிதாகத் தணிக்காது. சில்லுக்கும் மூடிக்கும் நடுவே அதற்குக் கையில்லை. விசிறியின் தாவலும் விகிதத்தில் ஏறக்குறைய அப்படியே இருக்கும்: 700-லிருந்து 1100 ஆர்பிஎம் என்றால் ஏற்றம் 10 டெசிபலுக்குச் சற்றுக் குறைவு. பழைய கூலரின் 11 டெசிபலுக்கும் இதற்கும் பெரிய தூரமில்லை. ஆயினும் காதுக்கு வித்தியாசம் பிரமாதமாகத் தெரிகிறது. காரணம், இந்தத் தாவல் முழுவதும் அறையின் பின்னணி ஓசைக்குக் கீழேயே நடந்துவிடுகிறது. குறையை அது தீர்க்கவில்லை, கேட்காத ஆழத்துக்குத் தள்ளிவிட்டது. அதையும் ஒரு சாதனையாக ஒப்புக்கொள்ளலாம். ஆனால் பயாஸில் தாமதத்தைத் திருத்தாமல் கூலர் வாங்கியவர், அதே பிழையான கட்டளைக்கு உயர்ந்த ரக வேலைக்காரரை நியமித்திருக்கிறார். பேஸ்ட் மாற்றுவதும் அப்படியே: சீராக 10 டிகிரி கூடுதலாக இருந்தால் அதைப் பார்க்க வேண்டும், ஏறி இறங்குவதற்கு மட்டும் அதைக் காரணமாக்குவது சான்றில்லாத தீர்ப்பு.

நீர்க் குளிர்விப்பை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். மெல்ல நகரும், உண்மையான சுமையைச் சொல்லும், சரியான அளவு ஒன்று அதில்தான் இருக்கிறது: நீரின் வெப்பம். அதைப் பின்பற்றும் ரேடியேட்டர் விசிறிகள் பிரௌசர் பாய்ச்சலைக் கண்டுகொள்வதே இல்லை. நீர்-சென்சார் உள்ள கூலரை வாங்கிவிட்டு, ரேடியேட்டர் விசிறிகளைச் சிபியு இணைப்பில் செருகிச் சில்லின் வெப்பத்தையே பின்பற்றச் செய்யும் வழக்கம் பரவலாக இருக்கிறது. கையில் உள்ள தீர்வைத் தாங்களே கழற்றி வைப்பது போன்றது அது.

வேகத்தைக் கட்டிவைத்த பிறகும் ஏற்ற இறக்கம் தொடர்கிறது என்றால் களம் மாறுகிறது. முதலில் பார்க்க வேண்டியது இரண்டு விசிறிகளின் அதிர்வுகள் மோதுவதை. 7 இறகுள்ள விசிறி 1200 ஆர்பிஎம்மில் வினாடிக்கு 140 முறை காற்றை வெட்டும். பக்கத்தில் அதே ரக விசிறி, அதே கட்டளையில், 1230 ஆர்பிஎம்மில் சுற்றினால் 143.5 முறை. இரண்டும் சேர்ந்து வினாடிக்கு மூன்றரை முறை பொங்கித் தணியும் முனகலை உண்டாக்கும். காது மிகக் கூர்மையாக உணரும் 4 என்ற எண்ணுக்கு எவ்வளவு அருகில் வந்துவிட்டோம் என்று பாருங்கள். இரு விசிறிகளும் குறையற்றவை. தனித்தனியே சோதித்தால் இரண்டும் தேறும். டெசிபல் மானியும் எதையும் காட்டிக்கொடுக்காது. ஒன்றன் இணைப்பை எடுத்துவிட்டதும் முனகல் மறைந்தால் சான்று கிடைத்துவிட்டது. ஒன்றின் வேகத்தை நூறு இருநூறு ஆர்பிஎம் தள்ளிவைத்தால் போதும். ஆஸ்திரியாவின் நோக்டுவா நிறுவனம் 2024-இல் வெளியிட்ட 140 மில்லிமீட்டர் விசிறிகளில், வேகத்தை வேண்டுமென்றே சற்று விலக்கி அமைத்த இணைகளையே விற்பனைக்குக் கொண்டுவந்தது. இந்தக் குறையைப் பெயர் சொல்லி ஏற்று, தயாரிப்பிலேயே பதில் சொன்ன அரிய முயற்சி அது. விலைதான் எல்லோருக்கும் எட்டாது.

விசிறி நின்று நின்று கிளம்புவது வேறொன்று. 4 பின் விசிறிக்கு இன்டெல் வகுத்த விதிமுறை 25 கிலோஹெர்ட்ஸ் துடிப்பில் கட்டளை அனுப்புகிறது. காதுக்கு எட்டாத அதிர்வெண் அது. 3 பின் விசிறியை வோல்ட்டேஜைக் குறைத்துத்தான் அடக்க முடியும். சுழன்றுகொண்டிருக்கும் விசிறி நிற்கும் வோல்ட்டேஜும், நின்ற விசிறி கிளம்பும் வோல்ட்டேஜும் ஒன்றல்ல. கிளம்பக் கூடுதல் தேவை. கட்டளை இந்த இரண்டுக்கும் நடுவில் வந்து நின்றால் விசிறி ஓய்ந்து, வெப்பம் ஏறி, உதறிக்கொண்டு எழுந்து, மீண்டும் ஓயும். லினக்ஸின் ஃபேன்கண்ட்ரோல் மின்ஸ்டார்ட், மின்ஸ்டாப் என்று இவ்விரண்டையும் தனித்தனியே கேட்பது அதன் ஆசிரியர்களின் நேர்த்தியைக் காட்டுகிறது. பல பயாஸ்கள் ஒற்றை எண்ணோடு நிறுத்திக்கொள்கின்றன.

கிராஃபிக்ஸ் கார்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் தங்கள் விசிறிகளைத் தாங்களே ஆள்கின்றன. பயாஸில் எதைத் திருத்தினாலும் அவற்றுக்குக் கேட்காது. வெப்பம் குறைந்தால் விசிறியை முழுதாக நிறுத்தும் வசதி இன்று இரண்டிலும் பரவிவிட்டது. நின்றிருக்கும்வரை அது ஒரு வரம். ஆனால் இரண்டு மானிட்டர்களோ உயர் ரெஃப்ரெஷ் விகிதமோ இருந்து கார்டின் நினைவகம் உறங்காமல் இருந்தால், கார்டு எல்லைப் புள்ளியை ஒட்டியே நின்று விசிறியை எழுப்பி எழுப்பி அமர்த்தும். கேபினெட் விசிறி ஒன்றைச் சற்று உயர்த்தி நிலையான மெல்லிய காற்றைக் கொடுத்தாலே கார்டு எல்லைக்குக் கீழே தங்கிவிடும். அதிக விசிறி என்றால் அதிக இரைச்சல் என்ற நம்பிக்கை இங்கே தோற்கிறது. கடைசியாக, பக்கத்தை மேலும் கீழும் உருட்டும்போது ஒட்டிக்கொண்டு வரும் கீச்சொலி விசிறியுடையதே அல்ல. மின்சுற்றில் உள்ள காயில்களின் அதிர்வு அது. சுமை மாறும் அதே கணத்தில் மாறும். எந்த விசிறியாலும் அவ்வளவு விரைவாக வேகம் மாற்ற முடியாது என்பதே அதைப் பிரித்தறியும் வழி.

ஆக, என் தீர்ப்பு இது. சும்மா இருக்கும்போது ஏறி இறங்கும் இரைச்சலுக்கு, பயாஸில் ஏறும் தாமதமும், அறை வெப்பத்துக்கேற்ப நகர்த்திய மூலைப் புள்ளியும், மென்மையான சரிவும் சேர்ந்த தீர்வே முதலிடத்துக்கு உரியது. காரணத்தை விளக்குகிறது, செலவில்லை, விரைவைக் காவு கொடுப்பதில்லை. உச்ச கோடையின் எண்களை வைத்து ஒருமுறை அமைத்துவிட்டால் ஆண்டு முழுதும் நிற்கும். நிரல் இரண்டாம் இடம், கேபினெட் விசிறிகளின் எல்லைக்குள். கூலர் மாற்றம் நீண்ட கனவேலை செய்பவருக்கு முழு நியாயம் உடையது. மற்றவர்கள் பயாஸைத் திருத்திவிட்டு ஒரு வாரம் கேட்டுப் பார்த்த பிறகே அதை யோசிக்கலாம். பூஸ்டை அணைப்பதைத் தீர்வாக ஏற்க மாட்டேன்.

போர்டு தயாரிப்பாளர்கள் இந்தத் தீர்ப்பில் தப்ப முடியாது. தாமதம் என்ற கருவி அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை மூன்றாம் அடுக்கு மெனுவில் வைத்து, பெரும்பாலும் உடனடி மறுமொழியையே இயல்பாக விட்டு அனுப்புகிறார்கள். கியூ-ஃபேன், ஸ்மார்ட் ஃபேன், ஃபேன்-டேஸ்டிக் ட்யூனிங் என்று ஒரே பொருளுக்கு ஆளுக்கொரு பெயர். ஒரு போர்டில் கற்றதை இன்னொன்றில் பயன்படுத்த முடிவதில்லை. கையேட்டிலோ ஏறும் நேரம் எதற்கு என்று ஒரு வரி விளக்கம்கூடக் கிடைப்பது கடினம்.

மதிப்புரையாளர்களும் இதில் பங்காளிகள். கூலர்களைத் திறந்த மேசையில் வைத்து, மாறாத சுமை கொடுத்து, வெப்பம் நிலைபெற்ற பிறகு டெசிபலைப் படிக்கிறார்கள். குளிர்விக்கும் திறனை ஒப்பிட அது செம்மையான முறை. அதில் குறை காண மாட்டேன். ஆனால் வீட்டில் கணினி நிலைபெற்ற சுமையில் இருக்கும் நேரம் குறைவு. மூடிய கேபினெட்டில், போர்டின் இயல்பான அமைப்பில், பிரௌசரைத் திறந்து மூடிக்கொண்டே பத்து நிமிடம் விசிறியின் ஆர்பிஎம்மைப் பதிவுசெய்து ஒரு கோடாக அச்சிட்டால் வாங்குபவருக்குத் தேவையானது தெரிந்துவிடும். அந்தக் கோடு இல்லாத மதிப்புரையை, ஏறி இறங்கும் இரைச்சலுக்கு எந்தக் கூலர் நல்லது என்ற கேள்விக்கு நான் சான்றாக எடுத்துக்கொள்வதில்லை.